பழைய கார்பன் ஃபிரேம்: முழு சைக்கிளாக விற்பதா, தனியாக விற்பதா, வைத்துக்கொள்வதா?

பத்துப் பதினைந்து வருடத்துக்கு முன் ஆசையாக வாங்கிய கார்பன் ஃபைபர் ரோடு பைக்கை விற்க நினைக்கிற எல்லோரும் முதலில் கேட்பது, "இதுக்கு இப்போ என்ன விலை போகும்?" என்றுதான். ஒரே எண்ணில் பதில் சொல்ல முடியாத கேள்வி இது. அதே சைக்கிளை முழுசாக விற்றால் ஒரு விலை, ஃபிரேமை மட்டும் விற்றால் ஒரு விலை, எல்லாவற்றையும் கழற்றித் தனித்தனியாக விற்றால் வேறொரு விலை, கடையில் கொடுத்துவிட்டுப் புதுசு எடுத்தால் இன்னொன்று. விற்காமல் வைத்துக்கொள்வதற்கும் ஒரு மதிப்பு உண்டு. எப்படி விற்பது என்பதை முடிவு செய்த பிறகுதான் எவ்வளவு என்ற கேள்விக்கே வர முடியும்.

நியூ ஜெர்சியில் இருக்கும் நண்பர் ஒருவர் தன்னுடைய 2010 மாடல் சைக்கிளை, ட்ரெக் கம்பெனியின் மடோன் 6 வரிசையைப் பற்றி இதே கேள்வியைக் கேட்டார். அதையே உதாரணமாக எடுத்துக்கொள்கிறேன். பழைய கார்பன் ஃபிரேமின் விலையை ஏற்றி இறக்குகிற அத்தனை அம்சங்களும் அந்த ஒரு ஃபிரேமில் இருக்கின்றன. 2009 டூர் டி பிரான்ஸை ஆல்பெர்டோ கொன்டடோர் ஜெயித்தது மடோனில்தான். 6 வரிசை ஃபிரேம்களை ட்ரெக் அமெரிக்காவிலேயே, விஸ்கான்சின் மாநிலத்தின் வாட்டர்லூவில் செய்தது. அந்தக் காலத்தில் இதற்கு மேல் ஒரு சைக்கிள் இல்லை என்று சொல்லக்கூடிய தரம். இன்றைக்கும் ஓட்டிப் பார்த்தால் அந்தத் தரம் தெரியும். ஆனால் செகண்ட் ஹாண்ட் விலை பழைய பெருமையைப் பார்த்து அமைவதில்லை. வாங்குகிறவர் இனிமேல் அதற்கு என்ன செலவு செய்ய வேண்டியிருக்கும், எதற்கெல்லாம் பயப்பட வேண்டியிருக்கும் என்பதைப் பார்த்துத்தான் அமைகிறது.

விலையை இழுத்துப் பிடிப்பவை

முதல் காரணம் பிரேக். மடோனில் இருப்பது ரிம் பிரேக், சக்கரத்தின் விளிம்பைக் கவ்வி நிறுத்துவது. தொழில்முறை ரோடு பந்தயங்களில் டிஸ்க் பிரேக்கை சர்வதேச சைக்கிள் சங்கமான யுசிஐ 2015இல் சோதனையாக அனுமதித்து, 2018இல் முழுமையாக ஏற்றுக்கொண்டது. அதன் பிறகு பெரிய கம்பெனிகளின் உயர்ரக ரோடு பைக்குகள் ஒவ்வொன்றாக டிஸ்க்குக்குப் போய்விட்டன. ரிம் பிரேக் ஃபிரேம் மோசமானது என்று நான் சொல்ல மாட்டேன். எடை குறைவு, பராமரிப்பு சுலபம், வறண்ட சாலையில் நன்றாகவே நிற்கும். ஆனால் புதிதாக ரோடு பைக் வாங்க வருகிறவர் டிஸ்க்கைத்தான் தேடுகிறார். ரிம் பிரேக்குக்குப் பொருந்தும் நல்ல புதுச் சக்கரங்களும் வருடா வருடம் குறைந்துகொண்டே வருகின்றன.

அடுத்தது டயர் இடைவெளி. 2010ஆம் ஆண்டு ஃபிரேம்கள் பெரும்பாலும் 23 மில்லிமீட்டர் டயரை மனதில் வைத்துச் செய்தவை. 25 போடலாம். 28 போட்டால் ஃபோர்க்கிலோ (முன் சக்கரத்தைத் தாங்கும் கவை) பின் பிரேக்கிலோ உரசும். இப்போது 28ம் 30ம் சாதாரணமாகிவிட்டன. அகலமான டயரில் ஒருமுறை ஓட்டியவர் திரும்ப 23க்கு வர மாட்டார். விளம்பரத்தைப் பார்த்ததும் விஷயம் தெரிந்தவர்கள் கேட்கும் முதல் கேள்வியே இதுதான்.

மூன்றாவது, பாட்டம் பிராக்கெட். இதில் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். பெடல்களைத் தாங்கும் கிராங்க் சுழல்வதற்கான பேரிங் உட்காரும் இடம் அது. பழைய சைக்கிள்களில் மரை வெட்டிய குழாய் இருந்தது, பேரிங் தேய்ந்தால் கழற்றிப் புதுசு திருகிவிடலாம். கார்பன் ஃபிரேம்கள் வந்தபின் ஆளாளுக்கு ஒரு அளவு கண்டுபிடித்தார்கள். கேனன்டேல் பிபி30, செர்வேலோ பிபிரைட், ட்ரெக் பிபி90. மடோனில் இருப்பது பிபி90. இதில் பேரிங்கைத் தாங்க அலுமினியக் கிண்ணம் எதுவும் கிடையாது. கார்பனுக்குள்ளேயே அச்சு அளவாகக் குழி செய்து பேரிங்கை நேராகக் கையால் அழுத்தி உட்கார வைக்கிறார்கள். எடை குறையும், யோசனையும் அழகானது. ஆனால் வருடக்கணக்கில் பேரிங்கைக் கழற்றி மாட்டினால், அல்லது இறுகிப்போன பேரிங் குழிக்குள்ளேயே சுழல ஆரம்பித்தால், கார்பன் நூலளவு தேய்ந்துவிடும். பிறகு பேரிங் இறுக்கமாக நிற்காது, மிதிக்கும்போது டிக் டிக் என்று சத்தம் வரும். இதற்காக ட்ரெக்கே வெளி விட்டம் சற்றுப் பெரிதான பேரிங்குகளை விற்கிறது, ஆகையால் தேய்ந்த ஃபிரேம் என்றாலும் தூக்கிப் போட வேண்டியதில்லை. ஆனால் 24 மில்லிமீட்டர் அச்சுள்ள கிராங்க்தான் இதில் சரியாக உட்காரும், 30 மில்லிமீட்டர் கிராங்க் வைத்திருப்பவருக்கு இந்த ஃபிரேம் உதவாது. பின்னாளில் ட்ரெக்கே பிபி90ஐ விட்டுவிட்டு, மரையுள்ள டி47க்கு மாறிவிட்டது. விவரம் தெரிந்தவர்கள் இதையெல்லாம் மனதில் கழித்துத்தான் விலை கேட்பார்கள்.

நான்காவது, அந்த மாடலுக்கே உரிய பாகங்கள். மடோனில் சாதாரண சீட் போஸ்ட் கிடையாது. ஃபிரேமின் கம்பமே மேலே நீண்டிருக்கும், அதன்மேல் ஒரு தொப்பி போல மாட்டுகிற பாகத்தில்தான் சீட் உட்காரும். சீட் போஸ்ட் ஃபிரேமுக்குள் சிக்கிக்கொள்ளும் பிரச்சினை இதில் வராது, அது நல்ல விஷயம். ஆனால் அந்தத் தொப்பி தொலைந்தாலோ உடைந்தாலோ பக்கத்துக் கடையில் கிடைக்காது. ஃபிரேமைத் தனியாக விற்கிறவர்கள் தொப்பியைச் சேர்த்துக் கொடுப்பதா என்று யோசிப்பதைப் பார்த்திருக்கிறேன். சேர்த்தே கொடுக்க வேண்டும். தொப்பி இல்லாத மடோன் ஃபிரேமை யாரும் நல்ல விலைக்கு எடுக்க மாட்டார்கள்.

கடைசியாக உத்தரவாதம். ட்ரெக் உட்படப் பல கம்பெனிகள் அந்தக் காலத்தில் ஃபிரேமுக்கு ஆயுள் உத்தரவாதம் கொடுத்தன, ஆனால் முதலில் வாங்கியவருக்கு மட்டும். ஃபிரேம் கை மாறிய அன்றே அது போய்விடுகிறது. நண்பருக்கு அந்த ஃபிரேம் ஒரு காப்பீட்டோடு சேர்ந்த பொருள். வாங்குகிறவருக்கு அப்படி இல்லை. ஒரே பொருளுக்கு இருவர் மனதிலும் இரண்டு மதிப்பு இருப்பதற்கு இது ஒரு நியாயமான காரணம்.

எண்ணை எங்கிருந்து எடுப்பது

ஃபேஸ்புக் மார்க்கெட்பிளேஸில் போட்டிருக்கிற விலைகளைப் பார்த்து மதிப்புப் போடுவது பெரிய தவறு. அவை விற்பவரின் ஆசை. மாதக்கணக்கில் விற்காமல் கிடப்பதெல்லாம் அதே விலையில் அங்கேயே இருக்கும், நியாயமாக விலை போட்டவை விற்று மறைந்துவிட்டிருக்கும். ஈபேயில் விற்று முடிந்தவற்றை மட்டும் காட்டச் சொல்லும் வடிகட்டி இருக்கிறது. அதில் வரும் எண்கள்தான் யாரோ ஒருவர் உண்மையில் பணம் கட்டி எடுத்த விலை. அதே மாடல், அதே தலைமுறை, முடிந்தால் அதே அளவு, கடந்த சில மாதங்களுக்குள் விற்றவை என்று ஒரு கைப்பிடி எடுத்துக்கொள்ளுங்கள். அதில் மிக அதிகமாகப் போனதையும் மிகக் குறைவாகப் போனதையும் ஒதுக்குங்கள். மிஞ்சியதின் நடுவில்தான் உங்கள் விலை இருக்கும்.

தேதியைக் கட்டாயம் பார்க்க வேண்டும். 2020லும் 2021லும் கொரோனாவால் கடைகளில் சைக்கிளே இல்லை, பழைய சைக்கிள்கள் தகுதிக்கு மேல் போயின. 2022க்குப் பிறகு கம்பெனிகளின் கிடங்குகள் நிரம்பி வழிந்தன, புது சைக்கிள்களையே பெரிய தள்ளுபடியில் விற்றார்கள். 2021இல் நண்பரின் நண்பர் ஒரு விலைக்கு விற்றார் என்பதை இன்றைக்கு அளவுகோலாக வைத்தால் ஏமாற்றம்தான்.

அளவும் முக்கியம். 54, 56 சென்டிமீட்டர் ஃபிரேம்களுக்கு எப்போதும் ஆள் உண்டு. 62க்கோ 47க்கோ காத்திருக்க வேண்டும். மடோனில் இன்னொரு பிரிவும் இருந்தது: எச்1, எச்2 என்று. எச்1இல் ஹேண்டில்பாருக்குக் கீழே முன்பக்கம் இருக்கும் தலைக் குழாய் தாழ்வு, குனிந்து பந்தய நிலையில் ஓட்டுபவருக்கானது. எச்2 கொஞ்சம் உயரம். பழைய சைக்கிள் வாங்க வருகிறவர்களில் நாற்பதைத் தாண்டியவர்கள் நிறையப் பேர். அவர்களுக்கு எச்2தான் முதுகுக்கு ஒத்துவரும். உங்களுடையது எது என்பதை விளம்பரத்தின் முதல் வரியிலேயே எழுதிவிடுங்கள்.

அப்புறம் ஃபோர்க்கின் தண்டு. ஹேண்டில்பாரைத் தாழ்வாக வைப்பதற்காக அதை முதல் உரிமையாளர் ஒட்ட அறுத்திருந்தால், அடுத்தவர் அதை உயர்த்தவே முடியாது. முழு சைக்கிளில் இது ஒரு சின்னக் குறை. தனி ஃபிரேம் விற்பனையில் பாதிப் பேரை விலக்கிவிடும். தண்டு எத்தனை மில்லிமீட்டர் என்று ஸ்கேல் வைத்து அளந்து, ஸ்கேலோடு சேர்த்துப் படம் எடுத்துப் போட்டால் கேள்விகள் பாதியாகக் குறையும்.

வாங்குபவரின் பயம்: விரிசல்

பழைய கார்பனுக்கு விலை குறைவதில் பெரும்பங்கு இந்தப் பயத்துக்கு. அலுமினியம் நசுங்கினால் வெளியில் தெரியும், கார்பனில் உள் அடுக்குகள் பிரிந்திருந்தாலும் வெளியே பெயின்ட் பளபளவென்றுதான் இருக்கும். ஆகவே விலை போடுவதற்கு முன் நீங்களே ஃபிரேமை முழுசாகச் சோதித்துவிடுவது நல்லது. சுத்தமான ஃபிரேம் என்று ஆதாரத்தோடு காட்ட முடிந்தால், வேறு எந்த வேலையையும்விட அதுதான் விலையை அதிகம் தாங்கிப் பிடிக்கும்.

சைக்கிளைக் கழுவித் துடைத்துவிட்டு, சக்கரங்களைக் கழற்றி, இருட்டு அறையில் டார்ச்சைச் சாய்வாகப் பிடித்துப் பாருங்கள். தலைக் குழாயும் கீழ்க் குழாயும் சேருமிடம், கீழ்க் குழாயின் அடிப்பக்கம், பாட்டம் பிராக்கெட்டைச் சுற்றிலும், செயின் விழுந்து அரைத்திருக்கக்கூடிய வலது செயின்ஸ்டே (பின் சக்கரத்துக்குப் போகும் கீழ்க் கம்பி), செயினைப் பல்சக்கரம் மாற்றும் முன் டெரெய்லர் பொருத்தியிருக்கும் இடம். மடோனில் சீட் தொப்பியையும் கழற்றி, அது மூடியிருந்த கம்பத்தைப் பார்க்க வேண்டும். அளவுக்கு மீறி இறுக்கியிருந்தால் அங்கேதான் தெரியும். கோடு ஒன்று தெரிந்தால் நகத்தால் குறுக்கே வருடுங்கள். பெயின்ட் விரிசலாகவும் இருக்கலாம், அதற்குக் கீழே கார்பன் விரிசலாகவும் இருக்கலாம். நகம் மாட்டினால் சந்தேகப்படத்தான் வேண்டும்.

பிறகு நாணயத்தின் விளிம்பால் மெல்லத் தட்டிக்கொண்டே போங்கள். நல்ல கார்பன் கணீரென்று "டக் டக்" என்று பேசும். அடுக்கு பிரிந்த இடம் "தொப்" என்று மந்தமாக ஒலிக்கும். மூட்டுகளில் கார்பன் தடிமனாக இருப்பதால் அங்கே சத்தம் இயல்பாகவே மாறும். அதனால் ஒரே குழாயில் மேலும் கீழும் ஒப்பிடாமல், இடது செயின்ஸ்டேயின் ஓர் இடத்தை வலதில் அதே இடத்தோடு ஒப்பிட வேண்டும். இது முதல் சோதனை மட்டுமே. சந்தேகம் வந்தால் அல்ட்ராசவுண்டில் பார்த்துத் தரும் கார்பன் பழுதுபார்ப்பவர்கள் இருக்கிறார்கள், அவர்களிடம் கொண்டுபோக வேண்டும்.

நிஜமாகவே விரிசல் இருந்தால்? கார்பனைச் சரிசெய்ய முடியும், நல்ல கை செய்தால் வலுவாகவே நிற்கும். ஆனால் விற்பதற்காகச் செலவு செய்து சரிசெய்வது பெரும்பாலும் நஷ்டம். சரிசெய்த ஃபிரேம் என்று சொன்னதும் விலை இறங்கிவிடும், சொல்லாமல் விற்பதோ ஒருவருடைய உயிரோடு விளையாடுவது. மலை இறக்கத்தில் அறுபது கிலோமீட்டர் வேகத்தில் போகிற ஒருவருக்குக் கீழே இருக்கப்போகிற பொருள் அது. விரிசல் உள்ள ஃபிரேமிலிருந்து பாகங்களைக் கழற்றி விற்றுவிட்டு, ஃபிரேமை யாரும் எடுத்து மறுபடி ஓட்ட முடியாதபடி அறுத்துப் போடுங்கள். இதில் இன்னொரு கருத்துக்கு இடமில்லை.

இனி வழிகளை ஒப்பிடலாம்

ஃபிரேம் சுத்தம் என்று வைத்துக்கொள்வோம். நண்பரின் மடோனில் பின்னாளில் மாற்றிய ஷிமானோ அல்டெக்ரா 6800, 11 கியர் குரூப்செட் (கியர், பிரேக் பாகங்களின் தொகுப்பு) இருக்கிறது. முதலில் தனித்தனியாகப் பிரித்து விற்பதைப் பார்க்கலாம், ஏனென்றால் காகிதத்தில் அதிகமாகத் தெரிவது இதுதான்.

கீழே வரும் எண்கள் கணக்கு எப்படிப் போவது என்று காட்டுவதற்காக மட்டும். உங்களுடைய எண்களை ஈபேயில் விற்று முடிந்த விலைகளிலிருந்து எடுத்துப் போடுங்கள். ஷிஃப்டர்கள் (கியர் மாற்றும் கைப்பிடிகள்) 130 டாலர், டெரெய்லர்கள் 60, பிரேக்குகள் 50, கிராங்க் 80, அலுமினியச் சக்கரங்கள் 150, ஹேண்டில்பார், ஸ்டெம், சீட் எல்லாம் சேர்த்து 50, ஃபோர்க்கோடு ஃபிரேம் 250. மொத்தம் 770. இதில் ஈபே கட்டணம் ஏறத்தாழ 13 சதவீதம் என்று வைத்தால் 100 போய்விடும். பெட்டி, குமிழ் உறை, டேப்பு என்று 40 வைத்துக்கொண்டால் கையில் 630. ஏழெட்டுப் பொட்டலம் கட்ட வேண்டும், ஏழெட்டுப் பேருடைய கேள்விகளுக்குப் பதில் எழுத வேண்டும், திருப்பி அனுப்புகிறவர் ஒருவராவது இருப்பார். அதே சைக்கிளை உள்ளூரில் முழுசாக 700க்குக் கொடுத்தால் கட்டணமும் இல்லை, பெட்டியும் இல்லை. ஓட்டிப் பார்த்து, பணம் கொடுத்து, எடுத்துக்கொண்டு போய்விடுவார்.

கேபிளால் இயங்கும் 11 கியர் மெக்கானிக்கல் பாகங்களுக்கு இப்போது நல்ல கிராக்கி இருப்பது உண்மைதான். 2021இல் ஷிமானோ தன் உயர்ரக வரிசைகளான டுரா-ஏஸையும் அல்டெக்ராவையும் 12 கியரில் மின்சார ஷிஃப்டிங்கில் மட்டுமே கொண்டுவந்தது. அதற்கு அடுத்த நிலையான 105 வரிசையில் பின்னர் வந்த 12 கியரில் ரிம் பிரேக் கிடையாது. பழைய ரிம் பிரேக் சைக்கிளைக் கேபிளிலேயே ஓட்ட விரும்புகிறவர்கள் அல்டெக்ராவின் 6800, ஆர்8000 ஷிஃப்டர்களைத் தேடிப்பிடித்து வாங்குகிறார்கள். 10 கியர் என்றால் இந்தக் கிராக்கி இல்லை. அதைப் பிரித்து விற்பது பற்றி யோசிக்கவே வேண்டாம்.

கிராங்க் பற்றி ஓர் எச்சரிக்கை. 2012 ஜூன் முதல் 2019 ஜூன் வரை தயாரான ஷிமானோவின் 11 கியர் அல்டெக்ரா, டுரா-ஏஸ் கிராங்குகளில் ஒட்டிய பாகம் பிரிந்துவரும் அபாயம் இருப்பதாக 2023 செப்டம்பரில் திரும்பப் பெறும் அறிவிப்பு வந்தது. வட அமெரிக்காவில் மட்டும் சுமார் 7,60,000 கிராங்குகள் அதில் அடக்கம். 6800 அந்தப் பட்டியலில் இருக்கிறது. கிராங்கின் உட்பக்கம் இருக்கும் தயாரிப்புக் குறியைப் பார்த்து, பட்டியலில் இருந்தால் ஷிமானோ கடையில் சோதித்து வாங்கிய பிறகுதான் விற்க வேண்டும், முழு சைக்கிளாக விற்றாலும் சரி. சோதனையில் தோற்றால் மாற்றுக் கிராங்க் இலவசமாகக் கிடைக்கும், அது விற்பவருக்கு ஆதாயம்தான்.

ஃபிரேமை மட்டும் தனியாக விற்பது எப்போது சரி? அதை வாங்க வருபவர் யார் என்று யோசித்தால் விடை கிடைக்கும். இதே மாடல் ஃபிரேம் விபத்தில் உடைந்துபோய், பாகங்களெல்லாம் கையில் வைத்திருப்பவர் ஒருவர். அவர் நல்ல விலை கொடுப்பார், ஆனால் அவர் வரும்வரை காத்திருக்க வேண்டும். மற்றவர்கள் பழைய ரிம் பிரேக் பாகங்களைப் பெட்டியில் போட்டு வைத்துவிட்டு ஒரு மலிவான ஃபிரேம் தேடுகிறவர்கள். மலிவு என்பதுதான் அவர்களுக்கு முதல் தகுதி. ஃபிரேமின் எடை ஒரு கிலோதான் என்றாலும் கூரியர்காரர்கள் பெட்டியின் அளவுக்குக் காசு வாங்குவார்கள். அந்தச் செலவை வாங்குபவர் கட்டினாலும், தான் தரும் விலையில்தான் அதைக் குறைத்துக்கொள்வார். சீனாவிலிருந்து புது டிஸ்க் கார்பன் ஃபிரேம்களே சில நூறு டாலரில் வருகிற காலம் இது. ரிம் பிரேக் ஃபிரேமுக்கு அதைத் தாண்டி விலை கேட்க முடியாது.

விதிவிலக்கு ஒன்று உண்டு, சேகரிப்பாளர்களின் ஃபிரேம்கள். 1994இல் வந்த கோல்னாகோ சி40 பாரி-ரூபே பந்தயத்தில் மாப்பேய் அணியோடு பெயர் வாங்கியது. 1996இல் முதல் மூன்று இடமும் அந்த அணிக்கே. கார்பன் குழாய்களைக் கார்பன் மூட்டுகளில் செருகி ஒட்டிய அந்த வேலைப்பாடும், கையால் தீட்டிய பெயின்ட்டும் வருடம் ஏற ஏற மதிப்பைக் கூட்டுகின்றன. அப்படிப்பட்ட ஃபிரேமில் டயர் இடைவெளியையும் பிரேக்கையும் யாரும் கேட்பதில்லை. அசல் பெயின்ட்டா, அசல் ஃபோர்க்கா என்றுதான் கேட்பார்கள். அதைத் தனி ஃபிரேமாகவோ அந்தக் காலத்துப் பாகங்களோடோ விற்கலாம், அவசரப்படக் கூடாது. நண்பரின் மடோன் இந்த வரிசையில் வராது. ஆயிரக்கணக்கில் விற்ற ஃபிரேம், கோல்னாகோவைப் போல அதைத் தேடி வருகிற கூட்டமும் இல்லை.

கடையில் கொடுத்துவிட்டுப் புதுசு எடுப்பதைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. கடைக்காரர் அதைத் திரும்ப விற்க வேண்டும், நடுவில் பழுது பார்க்க வேண்டும், பழைய கார்பனுக்குப் பொறுப்பேற்கவும் பயப்படுவார். பல கடைகள் இவ்வளவு பழைய ரிம் பிரேக் சைக்கிளை எடுத்துக்கொள்ளவே மாட்டா. எடுத்தால் மிகக் குறைந்த விலைக்குத்தான். வீடு மாறுகிறீர்கள், நேரமே இல்லை என்றால் மட்டும் சரி.

விற்காமல் வைத்துக்கொள்வது நான் உண்மையிலேயே மதிக்கும் வழி. பழைய சைக்கிளை வீட்டுக்குள் ட்ரெய்னரில் (நின்ற இடத்திலேயே மிதித்துப் பயிற்சி செய்யும் கருவி) மாட்டிவிட்டால், புது சைக்கிளை வியர்வையிலிருந்து காப்பாற்றலாம். ட்ரெய்னர்களோடு பழைய சைக்கிள்களின் 130 மில்லிமீட்டர் பின் அச்சுக்கான பொருத்தியும் வந்துவிடுகிறது. 2023இல், வீட்டுக்குள் சைக்கிள் ஓட்டுவதற்கான செயலியை நடத்தும் ஸ்விஃப்ட் (Zwift) கம்பெனி கொண்டுவந்த ஒற்றைப் பல்சக்கர ஏற்பாட்டில் கியரையே ட்ரெய்னர் பார்த்துக்கொள்ளும், 8 முதல் 12 கியர் வரை எந்தச் செயினும் ஓடும். கியர் தேய்ந்த பழைய சைக்கிளுக்கு இது பொருத்தமான வேலை. விற்றால் கிடைப்பது 600, 700 டாலர்தான் என்றால், அந்தப் பணத்தில் ட்ரெய்னருக்கென்று வேறு நல்ல சைக்கிள் வாங்க முடியுமா என்று கேட்டுப் பாருங்கள். பலருக்கு விடை இல்லை என்பதுதான்.

இங்கே தமிழ்நாட்டில் சென்னையிலோ கோயம்புத்தூரிலோ இருந்து விற்கிறவருக்குக் கணக்கு இன்னும் தெளிவானது. வாங்குபவர்கள் வட்டம் சின்னது. தனி ஃபிரேம் வாங்குகிறவர் மற்ற பாகங்களைச் சேர்ப்பதற்குள் சலித்துப்போவார். பிபி90 பேரிங்கையும் சீட் தொப்பியையும் வெளிநாட்டிலிருந்து வரவழைத்தால் சுங்க வரியும் சேரும். முழு சைக்கிளாக, நல்ல ஓட்டத்தில், உள்ளூர் சைக்கிள் குழுவில் தெரிந்தவர் ஒருவரிடம் விற்பதைவிட நல்ல வழி இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. மாடலுக்கே உரிய உதிரிப் பாகம் எது உங்களிடம் கூடுதலாக இருந்தாலும் சேர்த்துக் கொடுங்கள். அது விலையில் தெரியும்.

நண்பருக்கு நான் சொன்னது

பழைய சைக்கிள் வாங்க வருகிறவர் மனதில் மொத்தமாக ஓர் உச்ச வரம்பு இருக்கும். உத்தரவாதத்தோடு, டிஸ்க் பிரேக்கோடு ஒரு புது அலுமினிய சைக்கிள் என்ன விலைக்குக் கிடைக்கிறதோ, அதற்குக் கணிசமாகக் கீழேதான் அந்த வரம்பு நிற்கும். சைக்கிளில் மிதிக்கும் சக்தியை அளக்கும் 400 டாலர் பெறுமான பவர் மீட்டர் இருந்தாலும் அவர் அதற்காக 400 கூட்டித் தர மாட்டார், மிஞ்சிப்போனால் 100 தருவார். கார்பன் சக்கரங்களுக்கும் இதே கதைதான்.

அதனால் எனக்குச் சரியாகப் பட்டது இரண்டுக்கும் நடுவான வழி. பவர் மீட்டரோ கார்பன் சக்கரங்களோ இருந்தால் அவற்றை மட்டும் கழற்றித் தனியாக விற்பது. அவை சின்னப் பொட்டலமாகப் போகும், தேடி வாங்குகிறவர்களும் உண்டு. சைக்கிளோடு முதலில் வந்த அலுமினியச் சக்கரங்களை மறுபடி மாட்டி, புதுச் செயின், புது பிரேக் கட்டைகள், புது ஹேண்டில் டேப் போட்டு மீதியை முழு சைக்கிளாக விற்பது. டேப்புக்கும் கட்டைகளுக்கும் ஆகும் சொற்பச் செலவில் படத்தில் சைக்கிளின் முகமே மாறிவிடும். புது டயர் போடாதீர்கள், அந்தக் காசு திரும்பி வராது. பழசு வெடித்துப்போய் ஓட்டவே முடியாத நிலையில் இருந்தால் மட்டும் போடலாம்.

விலையை உங்கள் நடு எண்ணுக்குப் பத்து சதவீதம் மேலே வையுங்கள், பேரத்துக்கு அது போதும். அமெரிக்காவின் வடகிழக்கில் நவம்பரில் விளம்பரம் போட்டால் யாரும் எட்டிப் பார்க்க மாட்டார்கள். மார்ச் கடைசியில் வெயில் வந்ததும் போட வேண்டும். படங்களில் அடிப்பக்கத்து சீரியல் எண்ணும், சீட் தொப்பியைக் கழற்றிய கம்பமும், பாட்டம் பிராக்கெட்டின் இரண்டு பக்கமும் தெரிய வேண்டும். முதல் ரசீது இருந்தால் அதையும் காட்டுங்கள். திருட்டு சைக்கிள்களைப் பதிவு செய்யும் பைக் இன்டெக்ஸ் போன்ற தளங்களில் எண்ணைச் சரிபார்க்கிறவர்கள்தான் நல்ல வாங்குபவர்கள். எத்தனை கிலோமீட்டர் ஓடியது, எப்போதாவது விழுந்ததா, பேரிங் எப்போது மாற்றியது என்று உள்ளதை உள்ளபடி எழுதுங்கள். விழுந்ததை மறைத்துவிட்டு, நேரில் வந்தவர் ஷிஃப்டரின் ஓரத்தில் கீறலைப் பார்த்துக் கேட்டால், அங்கேயே நூறு டாலர் இறங்கிவிடும்.

இரண்டு வாரத்தில் ஒருவர்கூட நேரில் வந்து பார்க்கவில்லை என்றால் விலை அதிகம் என்று அர்த்தம், பத்து சதவீதம் இறக்குங்கள். வந்து பார்த்தவர்கள் வாங்காமல் போகிறார்கள் என்றால் விலையைத் தொடாதீர்கள், சைக்கிளில் ஏதோ சத்தமோ குறையோ இருக்கிறது, அதைக் கண்டுபிடியுங்கள். மடோனில் பெரும்பாலும் அது பிபி90 பேரிங்காகத்தான் இருக்கும். மே மாதம் முடியும்வரை, முடிவு செய்து வைத்த அடிமட்ட விலைக்குக்கூட ஆள் வரவில்லை என்றால் விளம்பரத்தை எடுத்துவிட்டு, சைக்கிளை ட்ரெய்னரில் மாட்டச் சொல்லியிருக்கிறேன். அடிமட்ட விலையை இப்போதே, விளம்பரம் போடுவதற்கு முன்பே, ஒரு காகிதத்தில் எழுதி வைத்துவிட வேண்டும். வாசலில் பணத்தோடு ஒருவர் நின்று குறைத்துக் கேட்கும்போது எடுக்கிற முடிவு பெரும்பாலும் சரியாக இருப்பதில்லை.